கடலூர் வெயிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும்

ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். வண்டி நிற்கும் இடம் மட்டமாக இருக்கிறதா? எந்த மாதத்தில் செய்யப் போகிறீர்கள்? ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், நான்கு சக்கரமும் இழுக்கும் 4x4, ஆட்டோமேட்டிக். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்கும் கடலூர் வீட்டுக்கும் இடையில்தான் பெரும்பாலும் ஓட்டம். பலா சீசனில் பின்னால் பழம் ஏறும். நண்பனுக்குத் தேவைப்படும்போது அவனுடைய ஃபைபர் படகை டிரெய்லரில் மாட்டி தேவனாம்பட்டினம் வரை இழுத்துக்கொண்டு போவேன். பாரத்தோடு ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் நன்றாகச் சூடாகும். மாற்ற வேண்டும் என்ற நினைப்பு ரொம்ப நாளாகவே இருந்தது. வேலையில் இறங்க வைத்தது வெள்ளம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. புயல் போய்விட்டது என்று எல்லோரும் மூச்சு விடும்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீரைத் திறந்தார்கள். தென்பெண்ணை பொங்கிக்கொண்டு வந்தது. வண்டி நின்ற இடத்தில் கதவின் கீழ் விளிம்பு வரை தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் சக்கரம், சேஸிஸ், ஆக்ஸில் எல்லாவற்றிலும் சேறு.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்று கை பரபரக்கும். செய்யக் கூடாது. கியர்பாக்ஸ், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதைச் சக்கரங்களுக்குப் பிரிக்கும் முன் பின் டிஃபரென்ஷியல் எல்லாவற்றுக்கும் மூச்சு விட ப்ரீதர் என்று ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஓடிச் சூடான வண்டி திடீரென்று தண்ணீரில் நின்றால், சுருங்கும் காற்று அந்த ப்ரீதர் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். ஸ்டார்ட் செய்துவிட்டால் அது ஆயிலோடு கலந்து எல்லா இடத்துக்கும் போய்விடும். ஆட்டோமேட்டிக்கில் இது ரொம்பவே ஆபத்து. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் மேல் ஒட்டியிருப்பது காகிதம் மாதிரியான ஒரு பொருள். தண்ணீரை உறிஞ்சினால் அது ஊறி, பசை விட்டு, பிளேட்டிலிருந்து உரிந்து வர ஆரம்பிக்கும்.

ஸ்டார்ட் செய்யாமலே சோதிக்க வழி இருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால், வண்டி அசையாமல் நின்றிருந்தால் அது கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் சட்டியில் போய்த் தங்கிவிடும். வடிக்கும் போல்ட்டை முழுசாகக் கழற்றாமல் தளர்த்தினால் முதலில் சொட்டுவது தண்ணீராகத்தான் இருக்கும். நான் ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. ஏற்கெனவே கலந்துபோயிருந்தால் ஆயில் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்திருக்கும். அதுவும் இல்லை. ஆனால் புதிதில் செக்கச் சிவப்பாக இருக்க வேண்டியது நன்றாக உழைத்த பழுப்பில் இருந்தது. பின்பக்க டிஃபரென்ஷியலில்தான் வெளுத்த கஞ்சி நிறத்தில் வந்தது. அதை அன்றைக்கே வடித்து, டிஃபரென்ஷியலுக்கான ஜிஎல்-5 ரக ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் வடித்து ஊற்றினேன். அது சுலபமான வேலை, சொல்ல ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸை தை மாதத்துக்கு ஒத்திவைத்தேன். காரணம் கீழே வருகிறது.

அதற்கு முன்னால், இந்த ஆயிலை மாற்றவே வேண்டுமா என்ற பஞ்சாயத்து. ‘வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை’ என்று சில வண்டிகளின் கையேட்டிலேயே போட்டிருக்கும். யாருடைய வாழ்நாள் என்றுதான் போட்டிருக்காது. அதே கையேட்டில் இன்னும் சில பக்கம் தள்ளிப் போனால் பாரம் இழுப்பது, புழுதிச் சாலை, ஓயாத நெரிசல் என்று கடினமான உபயோகத்துக்குத் தனி அட்டவணை இருக்கும். நம் ஊரில் பிக்கப் வைத்திருப்பவர்களில் அந்த அட்டவணைக்குள் வராதவர் யார்?

இந்த ஆயில் செய்யும் வேலையைப் பார்த்தால் விஷயம் புரியும். மேனுவல் கியர்பாக்ஸில் ஆயில் பல்சக்கரங்களை வழுவழுப்பாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று உண்டு, எஞ்சினின் சக்தியே அதற்குள் இந்த ஆயில் வழியாகத்தான் கடக்கிறது. கியர் மாறும்போது கிளட்ச் பிளேட்டுகளை அழுத்துவதும் இதே ஆயிலின் அழுத்தம்தான். சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதுதான், உராய்வில் தேயும் தூளைச் சுமப்பதும் அதுதான். சூடு ஏற ஏற இது சீக்கிரம் கெடும். நிறம் கறுத்ததை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மோந்து பாருங்கள். தீய்ந்த வாடை அடித்தால் அது வேறு கதை.

பழைய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் புதுச்சேரியில் ஆட்டோமேட்டிக் மட்டுமே பார்ப்பவர். அவரிடம் கேட்டேன்.

“தம்பி, ஏற்கெனவே கிளட்ச் வழுக்கி ஸ்லிப் ஆகிற வண்டியைத்தான் கடைசி நேரத்துல ஆயில் மாத்தக் கொண்டு வருவாங்க. அது எப்படியும் போகத்தான் போவுது. பழி ஆயில் மேல.”

“என் வண்டி ஸ்லிப் ஆகல அண்ணே. கியரும் நல்லாத்தான் விழுது.”

“அப்ப மாத்து. மிஷின் வெச்சு ஃப்ளஷ் பண்றேன்னு மட்டும் எங்கேயும் போயிடாத. வடிச்சு ஊத்து, ஓட்டு, மறுபடி வடிச்சு ஊத்து.”

மிஷின் வைத்து மொத்த ஆயிலையும் ஒரேயடியாகத் தள்ளி மாற்றுவதுதான் ஃப்ளஷ். அதைச் சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் செய்பவருக்கு அண்ணன் சொன்ன வழிதான் சரிப்படும். ஏனென்றால் ஒரு தடவை வடித்தால் எல்லா ஆயிலும் வராது. இந்த ரக வண்டிகளில் மொத்தம் சுமார் பத்து லிட்டர் இருக்கும். சட்டியிலிருந்து வருவது மூன்று, மூன்றரை லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். பத்து லிட்டரில் மூன்றரை மாற்றினால் முதல் தடவை 35 சதவீதம் புதுசு. கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டாவது தடவை மாற்றினால் சுமார் 58. மூன்றாவது தடவை சுமார் 73. அதற்கு மேல் போவது காசை வடிப்பது என்பது என் கருத்து. மூன்று தடவைக்கும் நடுவில் சில நூறு கிலோமீட்டர் விட்டுச் செய்தால், கியர்பாக்ஸுக்கும் மாற்றம் ஒரேயடியாக இருக்காது.

ஆயிலைப் பொறுத்தவரை கையேட்டில் போட்டிருக்கும் ரகத்தைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள். என் வண்டிக்கு டொயோட்டா ஏடிஎஃப் டபிள்யூஎஸ். ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் சுருக்கம். பழைய வண்டிகளுக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் 3 ஆயிலும் பார்க்க இதே சிவப்புதான், பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் டபிள்யூஎஸ் அதைவிட இளக்கம், உராய்வுக் குணமும் வேறு. சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்று என்று சொல்லும் கடைக்காரரிடம் சிரித்துவிட்டு வந்துவிடலாம். சீல் உடையாத கேனாக, கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். கீழே படுத்திருக்கும்போது கால் லிட்டர் குறைந்தால் வரும் எரிச்சலுக்கு அளவே இல்லை.

இனி மட்டம். இந்த ரக கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. சட்டிக்குள் நிற்கும் ஒரு சின்னக் குழாய்தான் அளவுகோல். அடியிலிருக்கும் சின்ன போல்ட்டைத் திறந்தால், அந்தக் குழாயின் உயரத்துக்கு மேலே இருக்கும் ஆயில் வழிந்து வரும். வழிவது நின்றால் அளவு சரி. வண்டி முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் தப்பு.

நம் பக்கத்து வீடுகளில் வண்டி நிறுத்தும் இடத்தை வாசலை நோக்கிச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். மழைத் தண்ணீர் ஓட வேண்டுமே. கண்ணுக்கு மட்டமாகத்தான் தெரியும். நான் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை ஒரு நாள் இரவல் வாங்கி, சேஸிஸில் முன்னால் ஓர் இடம், பின்னால் ஓர் இடம் என்று பிடித்துப் பார்த்தேன். ஹைலக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம், 3085 மி.மீ., அதாவது பத்தடிக்குக் கொஞ்சம் கூட. அந்த நீளத்துக்குள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது! தாழ்ந்த பக்கச் சக்கரங்கள் இரண்டையும் சென்ட்ரிங் பலகை மேல் ஏற்றி மட்டத்துக்குக் கொண்டு வந்தேன். ஒரு விஷயம்: சேஸிஸே சில வண்டிகளில் தரைக்கு இணையாக இருக்காது. அதனால் மட்டமான இடம் ஒன்றில் வண்டியை நிறுத்தி அந்த இரண்டு புள்ளிகளின் உயர வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொண்டு, வீட்டில் அதே வித்தியாசம் வரும்படி பலகை வைப்பதுதான் முறை.

ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் மாதிரி உயரமான வண்டிகளில் தூக்காமலே அடியில் நுழைந்துவிடலாம். தொப்பை இருப்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஜாக் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக் மேல் வண்டியை உட்கார வைக்கவே வைக்காதீர்கள், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கடற்கரை மணல் தரையில் ஜாக்கி புதையும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், கனமான பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

இனி வெயிலுக்கு வருகிறேன். ஆயில் சூடானால் விரியும். பத்து லிட்டர் ஆயில் 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 300 மில்லி அதிகமாகத் தெரியும். அதனால்தான் அளவு பார்க்க ஒரு வெப்ப இடைவெளியைக் கொடுத்திருக்கிறார்கள். டொயோட்டாவின் இந்த மாதிரிக் கியர்பாக்ஸ்கள் பலவற்றுக்கு அது 35 முதல் 45 டிகிரியை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைத் தாண்டிய சூட்டில் பார்த்தால், விரிந்த ஆயில் அதிகமாக வழிந்து போய், உண்மையில் குறைவாக நிற்கும். பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்ச் வழுக்கும். ஆறிய நிலையில் பார்த்தால் தேவைக்கு மேல் ஊற்றிவிடுவோம். சுற்றும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும்.

குளிர் தேசத்துக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிவிட்டு வேலையைத் தொடங்கு என்று இருக்கும். அதை அப்படியே இங்கே செய்தால் ஆறுவதற்குப் பாதி நாள் காத்திருக்க வேண்டும். நான் சித்திரையில் ஒரு தடவை சும்மா பார்த்தேன். இரவு முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியிலேயே விடியற்காலையில் ஆயில் 31 டிகிரி காட்டியது. அக்னி நட்சத்திர மதியத்தில் என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இடைவெளிக்குள் வந்திருக்கும், நிதானமாக எதுவும் செய்வதற்குள் தாண்டிவிடும். தை மாதத்துக் காலையில் 24 டிகிரியில் ஆரம்பித்தேன். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் மெதுவாக ஏறியது. எல்லாவற்றையும் பதற்றமில்லாமல் செய்ய நேரம் கிடைத்தது. தை, மாசி விடியற்காலை, பொழுது ஏறுவதற்குள் முடித்துவிடுவது. நம் கடற்கரை ஊர்களுக்கு இதுதான் சரியான நேரம்.

சூட்டை எப்படிப் பார்ப்பது? வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று, ஃபோனில் ஒரு செயலி. கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பத்தை வண்டியின் சென்சாரே சொல்லிவிடும். எஞ்சின் கூலண்ட் வெப்பத்தை அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு எண். வெளியிலிருந்து லேசர் தெர்மாமீட்டரால் சட்டியைச் சுடுவது தோராயம்தான்.

வேலையில் முதலில் திறக்க வேண்டியது ஊற்றும் போல்ட். வடிக்கும் போல்ட் அல்ல! கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் அந்த போல்ட், உப்புக் காற்றில் இறுகிப் போயிருக்கும். ஆயிலை வடித்த பிறகு ஊற்றும் வழி திறக்கவில்லை என்றால் வண்டி வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முந்தின நாள் இரவே துருநீக்கி ஸ்ப்ரே அடித்துவிட்டு, காலையில் நீளமான கைப்பிடி போட்டுத் திறந்தேன். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் பக்கத்திலேயே போல்ட்டுகள் உண்டு. எது எதற்கு என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து சாக்பீஸால் அடையாளம் போட்டுவிட்டால், ஒன்றை வடித்து இன்னொன்றில் ஊற்றும் கூத்து நடக்காது.

சுத்தம் முக்கியம். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திசைதிருப்பும் வால்வ் பாடியின் வழிகள் மெல்லியவை, ஒரு நூல் போதும் அடைக்க. அதனால் மெக்கானிக் கடையில் புழங்கும் பனியன் வேஸ்ட்டை இதற்குத் தொடாதீர்கள். நூல் பிரியாத பழைய பாலியெஸ்டர் புடவைத் துணி நல்லது. போல்ட்டைச் சுற்றியுள்ள சேற்றை முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்துவிட வேண்டும்.

வடித்த ஆயிலை அளவுக் கோடு போட்ட கேனில் பிடித்து, எவ்வளவு வந்ததோ அவ்வளவையே திருப்பி ஊற்றுவது முதல் கணக்கு. சட்டியின் அடியிலிருந்து ஊற்றும் போல்ட் வரை புனல் வைக்க இடம் இருக்காது, கைப்பம்ப் வேண்டும். கூட வந்திருந்த மச்சான், “மாமா, தோப்புல மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர் இருக்கே” என்றான். யோசனை மோசமில்லை, ஆனால் பூச்சிமருந்து தொட்ட எதையும் இதற்குப் பக்கத்தில் கொண்டு வரக் கூடாது. புதிதாக ஒரு கைப்பம்ப் வாங்கிவிட்டேன்.

பழைய வாஷர்களைத் திருப்பிப் போடாமல் புதுசு போட்டு, வடிக்கும் போல்ட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். மரை கெட்டுவிடும், வீரம் காட்ட வேண்டிய இடமில்லை. ஊற்றும் துளையிலேயே வழியும் வரை ஊற்றிவிட்டு, அதை மூடி, மச்சானை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஹேண்ட் பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, பிரேக்கில் கால். நான் வெளியே தள்ளி நின்றேன். ஸ்டார்ட் செய்து P, R, N, D என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி மறுபடியும் P-க்கு வரச் சொன்னேன். ஆயில் எல்லாக் கிளட்ச்சுக்கும் போய்ச் சேர அது தேவை. ஏசியும் விளக்கும் அணைத்திருக்க வேண்டும்.

ஸ்கேனரில் எண் 38-ஐத் தாண்டியதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் போய் அளவு போல்ட்டைத் திறந்தேன். இந்த இடத்தில் மட்டும் டிரைவர் சீட்டில் இருப்பவர் எதையும் தொடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். சைலன்சர் குழாய் சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஷெட் கதவு திறந்தே இருக்கட்டும். முதலில் தாரையாக வந்தது, மெலிந்தது, சொட்டாக மாறியது. சொட்டு நிலைக்கு வந்ததும் மூடிவிட வேண்டும். சுத்தமாக நிற்கட்டும் என்று காத்திருந்தால் ஆயில் சூடேறி விரிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். திறந்ததும் எதுவுமே வரவில்லை என்றால் ஆயில் குறைவு என்று அர்த்தம். மூடிவிட்டு, எஞ்சினை அணைக்காமலே ஊற்றும் துளை வழியாக ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும்.

சட்டியைக் கழற்றவில்லையா என்று கேட்பீர்கள். இந்த முறை இல்லை. வடித்த ஆயிலில் பளபளக்கும் துகள் எதுவும் இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. சட்டியைக் கழற்றினால் உள்ளே காந்தங்களில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம்தான், பயப்பட வேண்டாம். கையில் குத்தும் இரும்புச் சீவல் இருந்தால் அது வீட்டு வேலை இல்லை, புதுச்சேரி அண்ணன் மாதிரி ஆளிடம் போக வேண்டியது. D போட்டதும் வண்டி தாமதித்துக் கிளம்பினாலும், ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறாவிட்டாலும் அப்படித்தான்.

முடிந்ததும் முள்ளோடை வரை ஓட்டி, எல்லை தாண்டி புதுச்சேரி விலைக்கு டீசலும் அடித்துக்கொண்டு திரும்பினேன். அந்தப் பக்கம் போகும் கடலூர்க்காரர் யார்தான் சும்மா திரும்புவார்? வந்ததும் அட்டையை அடியில் விரித்து வைத்து, மறுநாள் காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இருந்த லேசான உதறல் முழுசாகப் போகவில்லை, குறைந்திருந்தது. மாசியில் இரண்டாவது தடவை மாற்றிய பிறகுதான் போனது.

பழைய ஆயிலைக் கேட்டு பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்தார், கரையானுக்கு மரத்தில் பூசவாம். கொடுக்கவில்லை. கழிவு ஆயில் அபாயக் கழிவுப் பட்டியலில் இருப்பது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீர் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. கேனை மூடி, ‘பழைய ஏடிஎஃப்’ என்று எழுதி ஒட்டி, கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுக்கும் வொர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டேன். அங்கே காசு கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.